தண்டவாளம் போனாலும் சட்டப்படி ரயில் பாதை: மிசூரி ஆற்றோர சைக்கிள் தடம் எப்படி வந்தது?

அமெரிக்காவில் ஒரு சைக்கிள் பாதைக்காக நிலச் சொந்தக்காரர்களுக்கு மத்திய அரசு இழப்பீடு தர வேண்டும் என்று அவ்வப்போது தீர்ப்பு வருகிறது. செய்தியைப் படிப்பவர்களுக்கு உடனே இரண்டு சந்தேகம். முதலாவது, அங்கே தலைமுறை தலைமுறையாக ரயில் ஓடியிருக்கிறது, புதிதாக ஒரு சென்ட் நிலம்கூட யாரிடமிருந்தும் எடுக்கவில்லை, அப்புறம் எதற்கு இழப்பீடு? இரண்டாவது, பாதையைப் போட்டது மாநில அரசு, பணம் கட்டுவது ஏன் மத்திய அரசு?

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மிசூரி மாநிலத்தின் கேட்டி தடத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. மேற்கே கிளின்டன் ஊரிலிருந்து கிழக்கே மேச்சென்ஸ் வரை ஏறத்தாழ 240 மைல், அதாவது 385 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி மிசூரி ஆற்றின் வடகரையை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை மலைச்சுவர், மறுபக்கம் சோளமும் சோயாவும் விளையும் வண்டல் வயல், அதற்கு அப்பால் ஆறு. காரோ லாரியோ கிடையாது. நாள் முழுக்க மிதித்தாலும் பின்னால் ஹாரன் சத்தம் கேட்காது. அமெரிக்காவில் பழைய ரயில் பாதையை மாற்றி அமைத்த தொடர் தடங்களில் இதுதான் மிக நீளமானது.

இந்த அமைதி இயற்கை கொடுத்தது என்றுதான் போகிறவர்கள் நினைப்பார்கள். பாதியளவுதான் அது உண்மை. மீதியைச் செய்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டு ரயில்வே பொறியாளர்களும், 1983-ல் எழுதிய ஒரு சட்டப் பிரிவும்.

முதலில் மூன்று விஷயம்

1. வண்டி இல்லாத பாதை: மோட்டார் வண்டிகள் பாதையின் நீளத்தில் ஓட அனுமதி இல்லை என்பதுதான் இதற்குப் பொருள். குறுக்கே சாலை வராது என்று பொருள் இல்லை. கேட்டி தடத்தை ஊர்ச் சாலைகளும் பண்ணைச் சாலைகளும் அடிக்கடி கடக்கின்றன. முன்பு அந்த லெவல் கிராசிங்கில் ரயிலுக்காக வண்டிகள் நிற்கும். இப்போது வண்டிகளுக்காக சைக்கிள்காரர் நிற்க வேண்டும்.

2. இப்படிப் பாதை கிடைக்கும் வழிகள்: பெரும்பாலும் மூன்று. கைவிட்ட ரயில் பாதை ஒன்று. படகை இழுக்கும் குதிரைகள் நடந்த கரைப்பாதை இன்னொன்று. ஐரோப்பாவில் பசாவ் நகரிலிருந்து வியன்னா வரை டான்யூப் கரையில் போகும் புகழ்பெற்ற தடத்தில் பெரும்பகுதி இந்த வகை. வாஷிங்டன் பக்கம் பொட்டோமாக் ஆற்றோரம் போகும் 184.5 மைல் கால்வாய்க் கரையும் இதே. மூன்றாவது, வெள்ளத் தடுப்புக் கரையின் மேல் போடும் பாதை. தென்கொரியாவில் நான்கு பெரிய ஆறுகளை ஒட்டிப் போட்ட சைக்கிள் பாதைகளில் பெரும்பகுதி ஆற்றங்கரைகளின் மேலேயே போகிறது. மூன்றுமே வேறு ஏதோ வேலைக்காகக் கட்டியவை. சைக்கிள் அதன்மேல் பிற்பாடு வந்து ஏறிக்கொண்டது.

3. வழிப்பாத்தியம்: நம் ஊர்ப் பத்திரங்களில் பார்த்திருப்பீர்கள். நிலம் ஒருவருக்குச் சொந்தம், அதன் வழியே போய்வரும் உரிமை மட்டும் இன்னொருவருக்கு. அமெரிக்க ரயில் கம்பெனிகள் சில இடங்களில் நிலத்தையே கிரயம் வாங்கின. பல இடங்களில் வாங்கியது இந்த உரிமையை மட்டும்தான். ‘ரயில் ஓடும் வரை உரிமை, ரயில் நின்றால் நிலம் மறுபடி சொந்தக்காரருக்கு’ என்பது அதற்குள் அடங்கிய நிபந்தனை. பின்னால் வந்த வழக்குகள் அத்தனையும் இந்த நிபந்தனையைச் சுற்றித்தான்.

ஆற்றை ஒட்டி ஏன் இவ்வளவு சுலபமாக மிதிக்க முடிகிறது?

எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் மிக லேசாக உருளும். சமதளத்தில் ஒரு டன் எடையை நகர்த்த ஏறத்தாழ 2 கிலோ அளவு இழுவிசை போதும். ஆனால் 100 அடிக்கு 1 அடி ஏற்றம் வந்தால் அதே டன்னுக்கு இன்னும் 10 கிலோ கூடுதலாக வேண்டும். மொத்தம் ஆறு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏற்றத்துக்கு எஞ்சின் ஆறு மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ரயில்வே பொறியாளர்கள் ஏற்றத்துக்கு அப்படிப் பயந்தார்கள். மேடு வந்தால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் மண் கொட்டினார்கள், மலை வந்தால் குடைந்தார்கள். முடிந்தவரை ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆறு ஏற்கெனவே மிகக் குறைந்த சரிவில் பள்ளத்தாக்கை அறுத்து வைத்திருக்கிறது. மிசூரி ஆற்றின் கீழ்ப்பகுதி மைலுக்கு ஏறத்தாழ ஓர் அடிதான் இறங்குகிறது.

ஏற்றம் தவிர்க்கவே முடியாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு மேட்டுப்பாளையம் – உதகை ரயில் சாட்சி. அங்கே செங்குத்தான பகுதியில் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏற்றம். சாதாரணச் சக்கரம் வழுக்கும் என்பதால் நடுவில் பல் தண்டவாளம் போட்டு, பல்சக்கரத்தைக் கொண்டு ஏறுகிறது. சாதாரண சரக்கு ரயில் ஓடிய பாதையில் அப்படி ஓர் ஏற்றம் வரவே வராது.

இதை சைக்கிளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள், சைக்கிள், பின்னால் கட்டிய பைகள் எல்லாம் சேர்த்து 100 கிலோ. வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். கெட்டிப்பட்ட கல்பொடிப் பாதை.

1. சமதளத்தில் டயர் உருளவும் காற்றைத் தள்ளவும் சேர்த்து ஏறத்தாழ 60 வாட். ஓரளவு ஆரோக்கியமாக உள்ள யாரும் பேசிக்கொண்டே மணிக்கணக்கில் மிதிக்கலாம்.

2. 1 சதவீத ஏற்றத்தில் ஏறத்தாழ 100 வாட். கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

3. 5 சதவீத ஏற்றத்தில் 260 வாட்டுக்கு மேல். பயிற்சி இல்லாதவர் சில நிமிடங்களில் இறங்கித் தள்ளுவார்.

மலையைச் சுற்றி ஏறும் சாதாரணச் சாலைகளில் 5 சதவீதம் சகஜம். மேரிலாந்து, பென்சில்வேனியா மாநிலங்களில் அலிகெனி மலைத்தொடரையே கடக்கும் ரயில் தடம் ஒன்று உண்டு. கம்பர்லாந்து நகரிலிருந்து உச்சி வரை 23 மைலில் ஏறத்தாழ 1,750 அடி உயர்கிறது. பெரிய ஏற்றம்தான், ஆனால் எந்த இடத்திலும் 2 சதவீதத்தைத் தாண்டாது. அறுபது வயதுக்காரர்கள் பைகளைக் கட்டிக்கொண்டு நிதானமாக ஏறிப்போவதற்கு இதுதான் காரணம்.

ஒன்று சொல்ல வேண்டும். சமதளம் என்றால் சுகம் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் இரண்டாம் நாள் மதியம் வேறு பாட்டுப் பாடுவார்கள். இறக்கமே இல்லாததால் மிதிப்பதை நிறுத்தி உருண்டு போகும் சந்தர்ப்பம் வராது. எழுந்து நின்று மிதிக்கவும் அவசியம் வராது. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரி மிதித்ததில் சீட் வலியும் உள்ளங்கை மரத்துப்போவதும்தான் இங்கே முதல் பிரச்சினை. மூச்சு வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டு கரை, இரண்டு தண்டவாளம்

தடத்தின் பெயர் அந்த ரயில் கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. மிசூரி – கான்சஸ் – டெக்சஸ் ரயில்வேயை மக்கள் சுருக்கமாகக் ‘கேட்டி’ என்றார்கள். 1890-களில் அது வடகரை வழியே செயின்ட் லூயிஸ் பக்கம் பாதை போட்டது. ரோச்சபோர்ட் ஊரில் மலை ஆற்றின்மேல் வந்து முட்டுகிற இடத்தில் 243 அடிக்குக் குடைந்த சுரங்கம் இன்றும் இருக்கிறது. கல் கட்டிய வளைவுக்குள் நுழைந்தால் ஆகஸ்ட் வெயிலிலும் சில்லென்றிருக்கும்.

ஆனால் எதிர்க்கரையில், அதே ஆற்றை ஒட்டி, இன்னொரு கம்பெனியின் ரயில் பாதை முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் பல ஆறுகளில் இதே கதைதான். போட்டிக்குப் போட்டி பாதை போட்டார்கள். 1916-ல் அந்த நாட்டின் ரயில் பாதை 2,54,000 மைலை எட்டியது. அதற்குப் பிறகு லாரியும் நெடுஞ்சாலையும் வந்தன, சுருக்கம் தொடங்கியது. 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, நஷ்டத்தில் ஓடும் பாதைகளைக் கைவிடுவதைச் சுலபமாக்கியது.

கேட்டியின் வடகரைப் பாதை வெள்ளச் சமவெளியில் தாழ்வாகக் கிடந்தது. ஆறு பெருகும்போதெல்லாம் மண் அரித்துப்போகும், ரிப்பேர் செலவு ஏறும். 1986 அக்டோபரில் வந்த வெள்ளத்தோடு இந்தப் பகுதியில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். தென்கரைப் பாதை பிழைத்துக்கொண்டது, இன்றும் அதில் ரயில் ஓடுகிறது.

சட்டம் செய்த தந்திரம்

ரயில் கம்பெனி ஒரு பாதையைக் கைவிட்டால் என்ன நடக்கும்? கிரயம் வாங்கிய துண்டுகள் கம்பெனியிடம் இருக்கும். வழிப்பாத்தியத் துண்டுகள் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குத் திரும்பும். நூறடி அகல நாடா மாதிரி நீண்ட நிலம் நூறு சொந்தக்காரர்களிடம் சிதறும். அதன்பின் ரயில் பாதையை மறுபடி ஒட்டவைப்பது நடக்காத காரியம். இருபது வருஷம் கழித்துத் தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற கவலையில் அமெரிக்க நாடாளுமன்றம் 1983-ல் தேசியத் தடங்கள் சட்டத்தைத் திருத்தியது. ரயில் பாதையை எதிர்காலத்துக்காகச் சேமிப்பில் வைப்பதுதான் ஏற்பாடு. நடைமுறை இப்படி:

1. ரயில் கம்பெனி பாதையைக் கைவிட மத்திய ஒழுங்குமுறை அமைப்பிடம் மனு போடுகிறது. அந்தக் காலத்தில் அது மாநிலங்களிடை வணிக ஆணையம், 1996 முதல் தரைவழிப் போக்குவரத்து வாரியம்.

2. மாநில அரசோ ஊராட்சியோ அறக்கட்டளையோ முன்வந்து, ‘பராமரிப்பு, வரி, விபத்துப் பொறுப்பு எல்லாம் எங்களுடையது, தடமாக நாங்கள் வைத்துக்கொள்கிறோம்’ என்று எழுதிக்கொடுக்கிறது.

3. கம்பெனி சம்மதித்தால் ஆணையம் இடைக்கால அனுமதி தருகிறது. கம்பெனியின் சம்மதம் கட்டாயம். அதை வற்புறுத்தி வாங்க முடியாது.

4. தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் எடுத்துவிடலாம். ஆனாலும் சட்டத்தின் பார்வையில் பாதை கைவிடப்படவில்லை. ரயில் ‘தற்காலிகமாக’ ஓடவில்லை, அவ்வளவுதான்.

5. என்றைக்காவது ரயில் மறுபடி தேவைப்பட்டால், சைக்கிள்காரர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நாட்டில் ஒரு சில தடங்களில் இது நடந்தும் இருக்கிறது.

நான்காவது படிதான் மையம். ‘கைவிடப்படவில்லை’ என்று சட்டம் சொன்னதும், ‘ரயில் நின்றால் நிலம் திரும்ப’ என்ற நிபந்தனைக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது.

கேட்டிக்கு 1987-ல் இந்த அனுமதி கிடைத்தது. டெட் ஜோன்ஸ் என்ற தொழிலதிபரும் அவர் மனைவியும் 22 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ரோச்சபோர்ட்டில் 1990-ல் முதல் சில மைல் திறந்தது. 1999-ல் மேற்கே கிளின்டன் வரையும், 2011-ல் கிழக்கே மேச்சென்ஸ் வரையும் நீண்டது.

பண்ணைக்காரரின் கோபத்தில் நியாயம் உண்டா?

தடம் திறந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் நகரத்தில் இருப்பார்கள். வயலின் நடுவே அது போகிறவரின் நிலைமை வேறு. அவர் தாத்தா ரயிலுக்கு வழி கொடுத்தார். ரயில் நின்றது. நிலம் திரும்ப வரும் என்று காத்திருந்தவரிடம், ‘ரயில் நிற்கவில்லை, ஓய்வெடுக்கிறது’ என்று அரசு சொல்கிறது. ஓய்வெடுக்கும் ரயிலின் இடத்தில் முன்பின் தெரியாத ஆட்கள் தினமும் சைக்கிளில் போகிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

வெர்மான்ட் மாநிலத் தம்பதி ஒருவர் தொடுத்த வழக்கு 1990-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது: இப்படிச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் யாருடைய சொத்துரிமையாவது பறிபோனால், அவர் மத்திய அரசிடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுத்தால் நியாயமான விலை கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். மிசூரி நிலச் சொந்தக்காரர்களும் இதே வழியில் போய் 2000-ல் சாதகமான தீர்ப்புப் பெற்றார்கள்.

ஆரம்பத்தில் எழுந்த சந்தேகங்களுக்குப் பதில் இதுதான். நிலம் திரும்பி வரும் உரிமையை மறித்தது மத்தியச் சட்டம், ஆகவே பணம் கட்டுவது மத்திய அரசு. இழப்பீடு ரயில் ஓடிய காலத்துக்கானது அல்ல. ரயில் நின்ற பிறகு திரும்ப வந்திருக்க வேண்டிய உரிமை வராமல் போனதற்கானது. கம்பெனி கிரயமே வாங்கியிருந்த துண்டுகளுக்கு இது பொருந்தாது. அதனால்தான் ஒரே தடத்தில் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்களில் ஒருவருக்குப் பணம் வரும், இன்னொருவருக்கு வராது. எல்லாம் 1890-களின் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்தச் சேமிப்பு ஏற்பாடு இல்லாத தடங்களுக்கு என்ன ஆகும் என்பதை 2014-ல் வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காட்டியது. வயோமிங் மாநிலத்தில் முழுமையாகக் கைவிட்ட ரயில் பாதை அது. 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கம்பெனிக்குக் கிடைத்தது வெறும் வழிப்பாத்தியம், கைவிட்டதும் அது அழிந்தது, நிலம் சொந்தக்காரருக்கே என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பானது.

என் பார்வையில் 1990 தீர்ப்பு நியாயமான நடுவழி. தடமும் பிழைத்தது, நிலக்காரரும் வெறுங்கையோடு போகவில்லை. ஆனால் வழக்கு முடியப் பல வருஷம் ஆகிறது, காத்திருக்கும் சுமை முழுக்க நிலக்காரர் தலையில். இழப்பீட்டைத் தடம் திறக்கும்போதே கணக்கிட்டுக் கொடுத்திருந்தால் பாதிக் கசப்பு இருந்திருக்காது.

பூன்வில் பாலம்: ஓட்டாத பாலத்தை ஏன் காப்பாற்றினார்கள்?

பூன்வில் ஊரில் கேட்டி ரயில் மிசூரி ஆற்றைக் கடந்தது. 1932-ல் கட்டிய, நடுப்பகுதி மேலே தூக்கும் இரும்புப் பாலம். சைக்கிள்காரர்கள் அதில் போவதில்லை, பக்கத்துச் சாலைப் பாலத்தில் தனி வரிசையில் கடக்கிறார்கள். கேட்டியை வாங்கிய பெரிய ரயில் கம்பெனி அந்தப் பாலத்தின் இரும்பை வேறொரு பாலத்துக்கு எடுத்துக்கொள்ளப் பார்த்தது. யாருக்கும் பயன்படாத பாலம்தானே, எடுக்கட்டும் என்று தோன்றும்.

ஆனால் பாலம் போனால் பாதை இரண்டாகத் துண்டாகிறது. துண்டான பாதையில் மறுபடி ரயில் ஓட்டுவோம் என்று எப்படிச் சொல்வது? ‘சேமிப்பில் உள்ள ரயில் பாதை’ என்ற வாதமே ஆட்டம் கண்டால், அதன் மேல் நிற்கும் தடத்துக்கும் ஆபத்து என்று ஆர்வலர்கள் பயந்தார்கள். வழக்கு, இழுபறி என்று வருஷங்கள் போயின. கடைசியில் 2010-ல் கம்பெனி பாலத்தை ஊருக்கே கொடுக்க முன்வந்தது. இப்போது கரையிலிருந்து கொஞ்ச தூரம் பாலத்தின்மேல் நடந்துபோய் ஆற்றைப் பார்க்கலாம்.

வழியோர ஊர்கள்

ரயில் நின்றதும் இந்த ஆற்றோர ஊர்கள் பலவற்றில் தானியக் கிடங்கும் தபால் நிலையமும்தான் மிச்சம். தடம் வந்தபின் விடுதி, சாப்பாட்டுக் கடை, சைக்கிள் கடை என்று கொஞ்சம் பிழைப்பு திரும்பியது. ரோச்சபோர்ட் மாதிரி சில ஊர்கள் முழுக்கவே இதை நம்பித் தெளிந்தன. அகஸ்டா பக்கம் திராட்சைத் தோட்டங்கள், ஒயின் கூடங்கள். அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக அறிவித்த முதல் திராட்சை வட்டாரம் 1980-ல் இந்த அகஸ்டாதான். ஆனால் எல்லா ஊருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவில், சைக்கிள்காரர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நிற்காமல் போகும் தூரத்தில் இருக்கும் ஊர்கள் அப்படியேதான் இருக்கின்றன.

போகிறவர் கவனிக்க வேண்டியவை

1. மேற்பரப்பு தார் இல்லை. பழைய ஜல்லியின்மேல் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி அமுக்கியிருக்கிறார்கள். காய்ந்திருந்தால் கெட்டி. மழை பெய்தால் பசை மாதிரி டயரில் ஒட்டும், செயினில் ஏறி அரைக்கும். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் சரிவராது. 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

2. பெயர்தான் ஆற்றோரம். மரங்களும் வயல்களும் மறைப்பதால் மணிக்கணக்கில் ஆறு கண்ணில் படாது. ஆறு நன்றாகத் தெரியும் இடங்களில் ரோச்சபோர்ட் பக்கம்தான் முதல். அங்கே மலைச்சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் பாதைக்கு மட்டுமே இடம்.

3. தடத்தின்மேலேயே கூடாரம் போட அனுமதி இல்லை. இரவுக்கு ஊர் பார்த்துத் திட்டமிட வேண்டும். தண்ணீர் கிடைக்கும் இடங்களையும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

4. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் என்பதால் கிளின்டனில் தொடங்குகிறவர்கள் அதிகம். திறந்த வயல்வெளியில் எதிர்க்காற்று இரண்டு சதவீத ஏற்றத்துக்குச் சமமாக ஆளைப் படுத்தும்.

5. வெள்ளம். 1993-ல் வந்த பெருவெள்ளம் திறந்த கொஞ்ச காலத்திலேயே தடத்தின் பெரும்பகுதியை அரித்தது. 2019-லும் பல பகுதிகளை மூடினார்கள். கிளம்பும் முன் மாநிலப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது உத்தமம்.

6. ஒரு முனையில் முடித்தவர் திரும்பி வர, தென்கரையில் செயின்ட் லூயிஸுக்கும் கான்சஸ் சிட்டிக்கும் நடுவே ஓடும் பயணிகள் ரயில் உதவும். முன்பதிவு செய்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். செடேலியா நிலையம் தடம் போகும் ஊரிலேயே இருக்கிறது. ஹெர்மன், ஜெபர்சன் சிட்டி இரண்டுக்கும் பாலம் கடந்து ஆற்றின் மறுகரைக்குப் போக வேண்டும், இரண்டு பாலத்திலும் சைக்கிளுக்குத் தனி இடம் உண்டு.